சூரிய நாளில் வந்த ஓஸே

சிக்னே வீட்டில் சாப்பாட்டு மேசைதான் பள்ளிக்கூடம். காலையில் கஞ்சிக் கிண்ணங்களை எடுத்துவிட்டு, சிந்தியதைத் துடைத்தால் பாடம் ஆரம்பம். மத்தியானச் சாப்பாட்டுத் தட்டு வந்தால் பாடம் முடிந்தது. கடல் உள்ளே புகுந்து கிடக்கும் அந்தக் கரையில் முன்பு ஒரு பள்ளிக்கூடம் இருந்தது. பிள்ளைகள் போதவில்லை என்று மூடிவிட்டார்கள். அடுத்தது மலைக் கணவாய்க்கு அப்பால். குளிர்காலத்தில் பஸ் இருட்டில் கிளம்பி இருட்டில் திரும்பும். பனிப்புயல் அடித்தால் கணவாயை அடைத்துவிடுவார்கள், போன பிள்ளைகள் அந்தப் பக்கமே மாட்டிக்கொள்ளும். "எம் பிள்ளைங்களுக்கு நானே சொல்லிக் குடுத்துக்கறேன்" என்று சிக்னே ஒரே பிடியாக நின்றாள். சட்டத்திலும் அதற்கு இடம் உண்டு. பருவத்துக்கு ஒரு தடவை நகராட்சியிலிருந்து ஓர் ஆசிரியை வந்து பார்ப்பார், அவ்வளவுதான்.

அந்த அவ்வளவுதானில்தான் வந்தது வினை. மூத்தவன் எய்லெர்ட்டுக்கு எட்டு வயது. மீன் அரியத் தெரியும், அடுப்பு மூட்டத் தெரியும், தங்கச்சி தீரிலை நொடியில் அழ வைக்கத் தெரியும். வாசிக்க மட்டும் வரவில்லை. இலையுதிர் காலத்தில் வந்த ஆசிரியை ஓஸே அவனிடம் ஒரு புத்தகத்தை நீட்ட, அவன் வாயே திறக்கவில்லை.

"ஜனவரியில திரும்ப வர்றேன் சிக்னே. அப்பவும் இப்படியே இருந்தான்னா, பள்ளிக்கூடத்துல சேக்கணும்னு நான் எழுதத்தான் வேணும்" என்று ஓஸே மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனார். அந்த மெதுவான குரல்தான் சிக்னேயின் காதை விட்டுப் போகவில்லை. கத்தியிருந்தால் இவளும் பதிலுக்குக் கத்தி ஆறியிருப்பாள்.

அன்றிலிருந்து தினமும் அடுப்பங்கரையில் மகனை மடியோடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பையன் தட்டுத்தடுமாறி வாசிக்கவும் ஆரம்பித்தான். ஆனால் அம்மாவுக்கு மட்டும்தான். வேற்று ஆள் வாசலில் நின்றால் போதும், வாய் பூட்டிக்கொள்ளும். அப்பா யூஸ்தெய்ன் முன்னாலேயே வாசிக்கமாட்டான் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்!

இதில் ஓஸே குறித்த தேதி வேறு சரியாகச் சூரிய நாளில் வந்து விழுந்தது. வடகோடியிலுள்ள அந்தக் கரையில் நவம்பரில் மலைக்குப் பின்னால் மறைந்த சூரியன் திரும்பத் தலை காட்டும் நாள். வீட்டுக்குப் பின்னாலுள்ள குன்றில் ஏறினால் நண்பகலில் கொஞ்ச நேரம் தெரியும். பனி ஒதுக்குகிறவர்களைத் தவிர அன்று யாரும் வேலை பார்ப்பதில்லை, பிள்ளைகளுக்குப் பாடமும் கிடையாது. மலைக்கு மலை அந்த நாள் மாறும். ஓஸேயின் ஊர் திறந்த கடலோரம், அங்கே சூரியன் முன்னாலேயே வந்துவிடும். இவர்கள் நாள் அவருக்கு எப்படித் தெரியும்? சிக்னே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பாடத்தை விட்டு மலையேறப் பார்க்கிறாள் என்று நினைத்துவிடுவாரோ என்று பயந்து வாயை மூடிக்கொண்டாள்.

விடிந்ததும் வானம் துடைத்துவிட்ட மாதிரி கிடந்தது. ஐந்து வயது தீரில் ஆரம்பித்துவிட்டாள்.

"அம்மா, எல்லாரும் மேல போறாங்க! நாம மட்டும் ஏன் போகல?"

"ஓஸே வர்றாங்கடி. பேசாம உக்காரு."

"ஓஸே வர்றதுக்கு நான் ஏன் உக்காரணும்? வாசிக்கத் தெரியாதது அவனுக்குத்தானே?"

"உன் வாயிருக்கே!" என்று சிக்னே பல்லைக் கடித்தாள்.

ஓஸே வந்தார். வாசலில் தள்ளுவண்டிக்குள் கைக்குழந்தை நியோல் கம்பளிக்குள் மூக்கு மட்டும் தெரியத் தூங்கிக்கொண்டிருந்தான். குளிரில் தூங்கினால்தான் பிள்ளை நன்றாகத் தூங்கும் என்பது அந்தப் பக்கத்து வழக்கம். ஓஸே அவனை எட்டிப் பார்த்துச் சிரித்துவிட்டு உள்ளே வந்து மேசையில் உட்கார்ந்தார். எய்லெர்ட் புத்தகத்தை விரித்தான். காது சிவந்தது. உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. சிக்னேக்கு எழுந்து ஓடிவிடலாம் போலிருந்தது.

தீரிலுக்குப் பொறுக்கவில்லை. "சூரியன் போயிடும்! நீங்க வந்ததாலதான் எல்லாம் கெட்டுப் போச்சு!"

"எந்தச் சூரியன்?" என்ற ஓஸேக்கு அப்புறம்தான் உறைத்தது. "ஐயையோ, உங்களுக்கு இன்னிக்கா? ஏம்மா சிக்னே, ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? சூரிய நாள்ல புள்ளைங்கள மேசையில கட்டிப் போட்டேன்னு தெரிஞ்சா எங்க ஊர்ல என்னைச் சேத்துக்கவே மாட்டாங்க. எந்திரிங்க, எந்திரிங்க!"

அவசர அவசரமாகக் கிளம்பினார்கள். ஜாம் வைத்த பன், காபிக் குடுவை, நியோலைச் சறுக்குவண்டியில் போட்டு இழுப்பது எல்லாம் ஒரே களேபரம்.

மேலே ஊரே கூடியிருந்தது. இவர்கள் ஏறி மூச்சு வாங்குவதற்குள் எதிர் மலை விளிம்பில் சூரியன் எட்டிப் பார்த்தது. தீரில் குதித்தாள். ஓஸே கண்ணை மூடி முகத்தைச் சூரியனுக்குக் காட்டிக்கொண்டு நின்றார். சிக்னே பிள்ளைகளையே பார்த்தாள். எது எப்படிப் போனாலும் போகட்டும், பிள்ளைகள் முகத்தில் இந்த வெளிச்சத்தைப் பார்த்தாயிற்று, அது போதும் என்றிருந்தது.

ஓஸே பையிலிருந்து சாக்லேட் எடுத்துக் கொடுத்தார். மலைக்குப் போகிற எல்லாரும் கொண்டு போகும் சாக்லேட்தான், உறைக்கு உள்பக்கம் மலையேறும் விதிகள் அச்சடித்திருக்கும். தீரில் தன் பங்கை வாயில் போட்டுக்கொண்டு குன்றின் விளிம்புக்கு ஓடினாள்.

"ஏய், அங்க போகாதே!" என்று கத்தினான் எய்லெர்ட்.

"நீ யாரு சொல்றதுக்கு?"

"இதுல போட்டிருக்கு!" என்று உறையை விரித்துக்கொண்டு அவள் பின்னாலேயே போனான். கோபத்தில் வாசித்தான். தடுக்கி, திரும்பப் பிடித்து, ஒவ்வொரு விதியாகச் சத்தமாக வாசித்தான். ஓஸே கண்ணைத் திறக்கவேயில்லை. சிக்னே மூச்சு விடவில்லை. விட்டால் நின்றுவிடுவானோ என்று பயம்.

"எங்க போறோம்னு யார்கிட்டயாவது சொல்லிட்டுப் போகணும்" என்று வாசித்தவன் சட்டென்று நிமிர்ந்தான். "அம்மா, அப்பாகிட்ட சொன்னோமா?"

சிக்னே வாயில் கை வைத்தாள். பனி ஒதுக்கும் லாரி ஓட்டும் யூஸ்தெய்ன் மத்தியானம் வீடு திரும்புகிற நேரம். முற்றத்தில் நகராட்சிக் கார். வளர்ப்பு சரியில்லை என்று பட்டால் பிள்ளைகளையே எடுத்துக்கொண்டு போய்விடும் நகராட்சி அது. வீட்டில் ஒரு குஞ்சு இல்லை. தள்ளுவண்டியும் காலி!

அவள் திரும்புவதற்குள் அவனே வந்துவிட்டான். தொப்பி இல்லை, சட்டைப் பொத்தான் போடவில்லை. சறுக்குவண்டித் தடத்தைப் பிடித்துக்கொண்டு முழங்கால் ஆழப் பனியில் விழுந்தடித்து ஏறி வந்து ஓஸே முன்னால் நின்றான்.

"எங்க புள்ளைங்கள... நகராட்சிக்காரங்க வேற வண்டியில கூட்டிட்டுப் போயிட்டீங்கன்னு நெனச்சேன். கைக்குழந்தையும் இல்ல. நான் என்னன்னு நெனைக்கிறது?"

"கூட்டிட்டுப் போகல யூஸ்தெய்ன். அவங்கதான் என்னைக் கூட்டிட்டு வந்தாங்க" என்றார் ஓஸே. "தப்பு எங்க மேலதான். சொல்லாம மலையேறக் கூடாதுன்னு உங்க பையன் இப்பத்தான் வாசிச்சுச் சொன்னான்."

"யாரு வாசிச்சா?"

"எய்லெர்ட்."

"உங்க முன்னாலயா?"

"என் முன்னால, ஊர் முன்னால, அந்தச் சூரியனுக்கு முன்னால. அவன் எதுக்குப் பஸ்ஸுல அலையணும்? வசந்தத்துல நானே இங்க வர்றேன்."

யூஸ்தெய்ன் பனியிலேயே பொத்தென்று உட்கார்ந்துவிட்டான். சிக்னே ஓஸேயின் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி, நன்றி என்று அதையே சொன்னாள். எய்லெர்ட் தயங்கித் தயங்கி அப்பாவிடம் போனான். பக்கத்தில் உட்கார்ந்து, உறையை மடியில் விரித்து, விரலை வைத்து, முதல் வரியிலிருந்து அப்பாவுக்கு வாசிக்க ஆரம்பித்தான்.