தாளாளர் வந்தால் நின்றுபோகும் வண்டி

செஞ்சியில் எது ஓடவில்லை என்றாலும் முதலில் பேட்டரியைத்தான் குறை சொல்வார்கள். பைக் கிளம்பவில்லையா, பேட்டரி. டிராக்டர் முக்குகிறதா, பேட்டரி. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் வண்டிகளுக்கு எலக்ட்ரிகல் வேலை பார்க்கும் கடை வைத்திருக்கிற எனக்கு இதில் வருத்தம் ஒன்றும் இல்லை. பேட்டரிமேல் ஊருக்கு இருக்கிற சந்தேகத்தில்தான் என் வீட்டில் உலை கொதிக்கிறது. அதனால் சிங்கவரம் போகிற வழியில் உள்ள ஒரு தனியார் பள்ளியிலிருந்து போன் செய்து, "புல்லு வெட்டுற வண்டி ஸ்டார்ட் ஆவல, பேட்டரியாத்தான் இருக்கும்" என்றபோது மறுபேச்சு பேசாமல் பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டேன்.

கையால் தள்ளுகிற சின்ன மிஷின் என்று நினைத்துத்தான் போனேன். அங்கே நின்றதோ ஸ்டீயரிங், சீட், நான்கு சக்கரம் எல்லாம் வைத்த வண்டி. அடிவயிற்றில் இரண்டு பிளேடு. மேலே உட்கார்ந்து ஓட்டிக்கொண்டே போனால் கீழே புல் வெட்டுப்படும். பள்ளியின் தாளாளர் வெளிநாடு போயிருந்தபோது எங்கேயோ ஒரு மைதானத்தில் இதைப் பார்த்தாராம். வந்ததும் வாங்கிவிட்டார். அந்த ஊரில் மழை பெய்கிறது, புல் தானாக வளர்கிறது, வெட்டுகிறார்கள். நாம் போர் போட்டு, தண்ணீர் பாய்ச்சி, புல்லை வளர்த்து, அதை வெட்டுவதற்கு ஒரு வண்டியும் வாங்க வேண்டியிருக்கிறது. பிள்ளையைச் சேர்க்க வருகிற பெற்றோர் கோட்டைப் பாறையைப் பார்த்துக்கொண்டே வருகிறார்கள், உள்ளே நுழைந்ததும் அவர்கள் கண்ணுக்குப் பச்சை தெரிய வேண்டும் என்பது தாளாளரின் கல்விக் கொள்கை.

வண்டியை ஓட்டுவது சிங்கவரத்திலிருந்து வரும் ஓர் அம்மா. வண்டி வருவதற்கு முன்பு பன்னிரண்டு வருடம் அதே மைதானத்தில் குந்தி உட்கார்ந்து அரிவாளால் புல் அறுத்தவர். முதலில் வண்டியைப் பள்ளி பஸ் டிரைவரிடம்தான் கொடுத்திருக்கிறார்கள். அவர் புல்லோடு சேர்த்து ஒரு வரிசை செம்பருத்தியையும் அறுத்துத் தள்ளினார். அதற்குப் பிறகு இந்தம்மாவை ஏற்றிவிட்டார்கள். ஒரே நாளில் கற்றுக்கொண்டு, கயிறு பிடித்த மாதிரி நேராக ஓட்டினாராம்.

"இதுல ஏறினதுக்கு அப்பறம் இடுப்பு வலி உட்டுப்போச்சுண்ணா" என்றார் என்னிடம். "சனிக்கிழம ஸ்போர்ட்ஸ் டே. அதுக்குள்ள வண்டி சரியாவலன்னா என்ன எறக்கிட்டு வேற ஆள போட்டுடறேன்னு ஐயா சொல்லிட்டாரு. எனக்குக் கைராசி இல்லியாம். மறுபடியும் அரிவாள புடிக்க என் இடுப்பு தாங்காதுண்ணா."

வண்டியின் நோய் என்னவென்று விசாரித்தேன். காலையில் ஒழுங்காக ஓடுமாம். தாளாளர் மைதானத்துக்கு வந்தால் நின்றுவிடுமாம். அவர் முன்னால் எத்தனை தரம் சாவியைத் திருப்பினாலும் சத்தமே வராதாம். அவர் அந்தப் பக்கம் போனதும் மறுபடி ஓடுமாம். கண் திருஷ்டி என்று பி.டி. மாஸ்டர் வண்டியின் மூக்கில் கறுப்புக் கயிறும் எலுமிச்சம்பழமும் கட்டியிருந்தார். பட்டது தாளாளரின் கண்தான் என்று வாட்ச்மேன் மட்டும் என் காதருகே வந்து சொன்னார். அத்தனை பேரில் உண்மைக்கு மிகப் பக்கத்தில் வந்தவர் அவர்தான். வாட்ச்மேன் பேச்சை யார் எடுத்துக்கொள்வார்கள், நானும் எடுத்துக்கொள்ளவில்லை.

முதல் நாள் பேட்டரியைச் சோதித்தேன். என்னைவிட ஆரோக்கியமாக இருந்தது. சும்மா திரும்பினால் மரியாதையாக இருக்காது என்று டெர்மினலைச் சுரண்டி, எர்த் ஒயரை இறுக்கி, சீட்டில் ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினேன். உடனே பிடித்துக்கொண்டது. பி.டி. மாஸ்டர் கைகொடுத்தார். நானும் பெரிய டாக்டர் மாதிரி தலையை ஆட்டிவிட்டு வந்தேன். மறுநாள் காலையிலேயே போன். தாளாளர் வந்ததும் நின்றுவிட்டதாம்.

இரண்டாம் நாள் செல்ஃப் மோட்டாருக்குக் கரண்ட் கொடுக்கிற ரிலேவை மாற்றினேன். அதோடு ஃப்யூஸையும் மாற்றினேன். நன்றாக இருக்கிற சாமானை மாற்றுவதில் எங்கள் தொழிலுக்கு எப்போதுமே ஒரு தாராளம் உண்டு. சீட்டில் உட்கார்ந்து திருப்பினேன், பிடித்தது. அப்படியே ஒரு ரவுண்டு ஓட்டிக்கொண்டிருந்தபோது தாளாளர் வெள்ளைச் சட்டையில் நடந்து வந்தார். நான் மரியாதையாக இறங்கி வணக்கம் வைத்தேன். வண்டி நின்றுவிட்டது.

"பாத்தீங்களா?" என்றார் அவர், தன் கட்சி ஜெயித்த மாதிரி. "எங்க, இப்ப ஸ்டார்ட் பண்ணுங்க."

பக்கத்தில் நின்றபடியே குனிந்து சாவியைத் திருப்பினேன். டிக் என்ற சத்தம்கூட இல்லை. நான்கு முறை திருப்பினேன். வேர்த்துவிட்டது. இருபது வருடமாகத் தொழில் செய்கிறவன் என்று கடை போர்டில் எழுதி வைத்திருக்கிறேன்.

"உங்களுக்கும் கைராசி இல்ல போலிருக்கு" என்று சொல்லிவிட்டு அவர் போனார். நான் நொந்துபோய் சீட்டில் தொப்பென்று உட்கார்ந்து சாவியைத் திருப்பினேன். வண்டி பிடித்துக்கொண்டது. அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். எங்கேயோ லூஸ் கான்டாக்ட் என்று முடிவுகட்டி வீட்டுக்குப் போய்விட்டேன்.

மூன்றாம் நாள் வெள்ளிக்கிழமை. டெஸ்ட் லேம்ப்பை வைத்துக்கொண்டு பேட்டரியில் தொடங்கினேன். ஃப்யூஸில் விளக்கு எரிந்தது, சாவியில் எரிந்தது, பிரேக் பெடலிலும் எரிந்தது. அதற்கு அடுத்த இடத்தில் இல்லை. ஒயர் போன வழியே போனால் அது சீட்டுக்கு அடியில் நுழைந்தது. சீட்டைத் தூக்கினேன். கட்டைவிரல் அளவுக்கு ஒரு சுவிட்ச், மேலே ஒரு ஸ்பிரிங். அதன் இரண்டு ஒயரையும் உருவி, துண்டுக் கம்பியால் சேர்த்துவிட்டுச் சாவியைத் திருப்பினேன். சீட்டில் யாருமே இல்லாமல் இன்ஜின் ஓடியது.

"அப்ப இதான் கெட்டுப்போச்சாண்ணா?" என்றார் அந்தம்மா. பக்கத்திலேயே நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

கம்பியை எடுத்துவிட்டு ஒயரைப் பழையபடி மாட்டி, அவரை உட்காரச் சொன்னேன். ஓடியது. இறங்கச் சொன்னேன். நின்றது. "சுவிட்சு நல்லாத்தான் இருக்குது. ஏம்மா, நீ ஓட்டும்போது நடுவுல எழுந்திருக்கிறியா?"

"நான் எங்கண்ணா எழுந்திரிக்கிறேன்" என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஐயா வந்தா எறங்கி நிப்பேன். அவ்ளோதான்" என்றார்.

எனக்கு என்மேலேயே எரிச்சல் வந்தது. அந்தம்மா இறங்கியதை பி.டி. மாஸ்டர் பார்க்கவில்லை, தாளாளர் பார்க்கவில்லை, நான் இறங்கியதை நானே பார்க்கவில்லை. மூச்சு விடுவதை யார் கவனிக்கிறார்கள். ஓட்டுகிறவர் தவறி விழுந்தால் பிளேடு உடனே நிற்க வேண்டும் என்று வண்டி செய்தவன் அந்தச் சுவிட்சை வைத்திருக்கிறான். சீட்டை விட்டு எழுந்தவர் எல்லாருமே கீழே விழுகிறார்கள் என்று வண்டி நினைத்துக்கொள்கிறது. அவன் ஊரில் முதலாளி வந்தால் யாரும் விழுவதில்லை போலிருக்கிறது.

"இனிமே அவரு வந்தா எழுந்திரிக்காத" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. "ஐயா நிக்கசொல்ல நான் குந்தினு இருந்தா மரியாத தெரியலன்னு எறக்கிடுவாரு. எழுந்தா வண்டி நின்னுடும், கைராசி இல்லன்னு எறக்கிடுவாரு. நான் இன்னாதாண்ணா பண்றது?"

"நான் பேசிக்கிறேன்" என்று சொல்லிவிட்டேன். மூன்று நாள் முட்டாளாக இருந்தவனுக்கு அந்த அளவுக்காவது வீரம் வர வேண்டாமா.

ஒரு மணி நேரம் கழித்துத் தாளாளர் வந்தார். பின்னால் பி.டி. மாஸ்டர், வாட்ச்மேன். அந்தம்மா ஓட்டிக்கொண்டிருந்தார். தாளாளரைப் பார்த்ததும் பழக்கதோஷத்தில் அரை அடி எழும்பினார். இன்ஜின் ஒரு விக்கு விக்கியது. சட்டென்று உட்கார்ந்துகொண்டார். இன்ஜினை நிறுத்தச் சொல்லித் தாளாளர் கை காட்டினார். அந்தம்மா நிறுத்தினார். இறங்கவில்லை. ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"என்ன, மகாராணி எறங்க மாட்டாங்களா?" என்றார் தாளாளர், என்னைப் பார்த்து.

சுவிட்ச் விவரத்தைச் சொன்னேன். நான்தான் பெரிய வீரனாயிற்றே, வார்த்தைக்கு வார்த்தை 'ங்க' போட்டு, கையைக் கட்டிக்கொண்டு சொன்னேன். "சீட்டுல ஆள் இருந்தாத்தாங்க ஓடும். நீங்க வர்றப்ப அவங்க எழுந்திரிக்கிறதாலதாங்க நிக்குது. வண்டியில கோளாறு இல்லீங்க, அவங்க கைராசியிலயும் இல்லீங்க."

அவர் முகம் மாறிவிட்டது. கோளாறு தன் வருகையில் இருக்கிறது என்று கேட்க யாருக்குத்தான் பிடிக்கும். "அப்ப அந்தச் சுவிட்ச கழட்டி எறிஞ்சிடுங்க. எழுந்தாலும் ஓடட்டும்."

ஐந்து நிமிட வேலை. இந்தத் தாலுகாவில் டிராக்டர்களில் இருக்கும் பாதுகாப்புச் சுவிட்சுகளை எல்லாம் கழற்றி ஒயரைச் சேர்த்து முறுக்கிவிட்டதில் என்னைவிட அனுபவசாலி கிடையாது. கேட்டவர்களுக்கெல்லாம் செய்து கொடுத்திருக்கிறேன். ஆனால் மைதானத்தின் மேற்கு ஓரம் பாறைப்பக்கமாகச் சரிகிறது. காலையில்தான் அங்கே ஒரு சக்கரம் கல்லில் ஏறி அந்தம்மா பாதி சரிந்ததைப் பார்த்தேன். கீழே இரண்டு பிளேடு.

"கழட்ட முடியாதுங்க. கழட்டினா செல்ஃபே எடுக்காதுங்க" என்றேன். தொழிலில் நான் சொன்ன பொய்களிலேயே இது ஒன்றுதான் காசு வராத பொய்.

தாளாளர் என்னை நம்பவில்லை. மூன்று நாளாக என் லட்சணத்தைப் பார்த்தவர், எப்படி நம்புவார். அந்தம்மா பக்கம் திரும்பினார். அந்த வாயில் எப்போதும் உண்மைதான் வரும் என்று தாளாளருக்குத் தெரியும். பன்னிரண்டு வருடத்தில் "சரிங்கய்யா" தவிர வேறு எதுவும் வந்ததில்லை.

"நீ கூடத்தான இருந்த. சுவிட்ச கழட்டினா ஓடாதா?"

ஒரு மணி நேரத்துக்கு முன்னால் யாருமே உட்காராமல் அந்த வண்டி ஓடியதைப் பக்கத்தில் நின்று பார்த்தவர் அவர்.

அந்தம்மா தாளாளரின் முகத்தை நேராகப் பார்த்தார். சீட்டில் இன்னும் கொஞ்சம் பின்னால் நகர்ந்து, நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார்.

"ஓடாதுங்கய்யா" என்றார். "நானே பாத்தேன். ஆள் குந்தினு இருந்தாத்தான் ஓடும்."

தாளாளர் திரும்பி நடந்தார். அவர் நான்கு அடி போவதற்குள் அந்தம்மா சாவியைத் திருப்பிவிட்டார்.