பஞ்சுவின் இடது கால்

மருத்துவமனையின் பின்வாசலை ஒட்டி ஓட்டுநர்களுக்கென்று ஓர் அறை உண்டு. நாலு பிளாஸ்டிக் நாற்காலி, சுவரில் சாவி மாட்டும் பலகை, மூலையில் ஒரு தண்ணீர் கேன், அவ்வளவுதான். அந்த அறையில் உட்கார்ந்து யாராவது ஆட்டோமேட்டிக் வண்டியைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொல்லிவிட்டால் போதும், பஞ்சு கையிலிருக்கும் டீயைக் கீழே வைத்துவிடுவார். டீ ஆறிப்போகும், அவர் ஆறமாட்டார்.

"அது வண்டியே இல்லைங்க, நாற்காலி. ஏறி உக்காந்தா அதுவா போகும், அதுவா நிக்கும். ஓட்டுறவனுக்கு அதுல என்ன வேலை? கியர் மாத்தத் தெரியாதவனுக்காகச் செஞ்சது அது."

இதை அவர் சொல்லி யாரும் மறுத்துப் பேசியதில்லை. பேசினால் மதியச் சாப்பாட்டு நேரம் முழுக்க அதிலேயே போய்விடும் என்று எல்லோருக்கும் தெரியும்.

பஞ்சு என்பது வீட்டில் வைத்த பெயர் இல்லை. சிறுநீரகம் பழுதாகி டயாலிசிஸுக்கு வருகிறவர்களைக் காலையில் வீட்டுவாசலில் ஏற்றிக்கொண்டு வருவதும், நாலு மணி நேரம் கழித்துத் திரும்பக் கொண்டுபோய் விடுவதும் அவர் வேலை. வாரத்துக்கு மூன்று நாள், அதே ஆட்கள், அதே தெருக்கள். எந்த வீட்டில் படி உயரம், யார் பூட்டிய கதவை மூன்று தடவை இழுத்துப் பார்ப்பார்கள் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. ஆறு வருஷத்துக்கு முன் முதல் நாள் ஓட்டியபோது, இறங்கும் நேரத்தில் ஓர் அம்மா, "பஞ்சு மாதிரி ஓட்டுறீங்க தம்பி" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து அதுவே பெயராகி, சம்பளச் சீட்டில் மட்டும்தான் சொந்தப் பெயர் மிச்சம்.

பெயருக்கேற்றபடி ஓட்டினாரா என்றால், ஓட்டினார். எஞ்சின் முனகத் தொடங்குவதற்கு அரை நொடி முன்னாலேயே அவர் கை கியருக்குப் போயிருக்கும். கிளட்சை மிதிக்கமாட்டார், இறக்குவார். இரண்டிலிருந்து மூன்றுக்குப் போகிற இடத்தில் அவர் முகத்தில் ஒரு சின்னச் சிரிப்புகூட வரும். அவருடைய மனைவி பள்ளி நூலகம் ஒன்றில் வேலை பார்ப்பவர். "வீட்டுல அலமாரிக் கதவைத் தடால்னு சாத்துற மனுஷன், கிளட்சுன்னா மட்டும் கைக்குழந்தையைத் தூக்குற மாதிரி நடந்துக்கறாரு" என்பது அவர் குறை. பஞ்சு அதைப் பாராட்டாகத்தான் எடுத்துக்கொண்டார்.

பழைய வேனுக்கு வயதாகிவிட்டது என்று மேலாளர் புது வேன் ஒன்றைக் கொண்டுவந்து நிறுத்தினார். ஆட்டோமேட்டிக். மற்ற ஓட்டுநர்கள் ஆளுக்கு அரை நாள் பின்பக்க மைதானத்தில் ஓட்டிப் பழகினார்கள். பஞ்சு மூன்று சுற்று சுற்றிவிட்டு இறங்கி, "பழகியாச்சு. என் இடது காலுக்குக் கட்டாய ஓய்வு கொடுத்துட்டீங்க, அவ்வளவுதானே?" என்றார்.

"அந்தக் காலை மடக்கி சீட்டோட ஒட்டி வச்சுக்கங்க. பழக்கதோஷத்துல முன்னால போயிடும்" என்றார் மேலாளர்.

"முப்பது வருஷமா ஓட்டுறேன் சார். காலை எங்க வைக்கணும்னு எனக்கே பாடமா?"

ஒரு புதன்கிழமை மதியம் அந்தக் கால் முன்னால் போயிற்று.

டயாலிசிஸ் முடிந்த மூன்று பேரை ஏற்றிக்கொண்டு திரும்பிக்கொண்டிருந்தார். தூரத்தில் சிக்னல் மஞ்சளுக்கு மாறியது. வேகத்தைக் குறைத்தார். கியரை இறக்க வேண்டிய இடம் அது. முப்பது வருஷமாக அந்த இடத்தில் கிளட்சைத் தேடிப் போன கால், அவரைக் கேட்காமலேயே போய் அழுத்தியது. அங்கே கிளட்ச் இல்லை. அகலமான பிரேக் இருந்தது. கிளட்சை எவ்வளவு தூரம் அழுத்துவாரோ அவ்வளவு தூரம் பிரேக்கை அழுத்தினார். வண்டி சுவரில் முட்டியதுபோல நின்றது.

பின்னாலிருந்தவர்களை சீட் பெல்ட் பிடித்துக்கொண்டது. ஆனால் ஓய்வுபெற்ற கணக்கு டீச்சரின் கையை யாரும் பிடித்துக்கொள்ளவில்லை. நாலு மணி நேரம் ஊசி குத்தியிருந்த, கட்டுப் போட்ட கை. அது முன் இருக்கையின் முதுகில் போய் மோதியது. கட்டு சிவக்க ஆரம்பித்தது. டீச்சர் இன்னொரு கையால் அந்த இடத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "ஒண்ணுமில்ல தம்பி, பதறாதீங்க. வண்டியைத் திருப்புங்க" என்றார். முதல் நாளில் பஞ்சு என்று பெயர் வைத்த அதே அம்மா.

நர்ஸ் இருபது நிமிஷம் அழுத்திப் பிடித்த பிறகுதான் ரத்தம் நின்றது. பஞ்சு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து தன் இடது காலையே பார்த்துக்கொண்டிருந்தார். யாரோ ஒருத்தருடைய கால் மாதிரி இருந்தது.

நடந்ததை எழுதித் தரச் சொன்னார்கள். நாய் குறுக்கே வந்தது என்று எழுதியிருக்கலாம், யாரும் கேட்கப்போவதில்லை. பஞ்சு அப்படிப்பட்ட ஆள் இல்லை. 'கிளட்ச் என்று நினைத்து இடது காலால் பிரேக்கை மிதித்துவிட்டேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். மேலாளர் படித்துவிட்டுக் காகிதத்தை மடித்து மேஜையில் வைத்தார்.

"பழைய வேன் திங்கள்கிழமையிலிருந்து சலவைக்கூடத்துக்குப் போகுது. போர்வை, தலையணை உறை ஏத்தி இறக்கணும். உங்களுக்கு அதுதான் தோதுன்னா அதோட போயிடுங்க. இல்லைன்னா இதை முறையாப் பழகிட்டு வாங்க. ஆனா ஒண்ணு, நோயாளிங்க ஒத்துக்கணும். வேணாம்னு அவங்க சொன்னா நான் ஒண்ணும் பண்ண முடியாது."

"போர்வைக்கு ரத்தம் வராது சார்" என்றார் பஞ்சு. முடிவு எடுத்துவிட்டார் என்று அர்த்தம்.

சொல்லிவிட்டாரே தவிர, அன்று ராத்திரி சோறு இறங்கவில்லை. இந்த ஆட்களை விட்டுவிட்டுப் போர்வை மூட்டைகளோடு போவது மனசுக்கு ஒப்பவில்லை. அவர்களுடைய வாரம் அவருடைய வாரமும்தான். சொல்லாமல் போனால் நன்றாக இருக்காது என்று மறுநாள் மாலை டீச்சர் வீட்டுக்குப் போனார்.

டீச்சர் முன்னறையில் சாய்வாக உட்கார்ந்திருந்தார். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை கை நீலமாகக் கன்றிப்போயிருந்தது. அதைப் பார்த்ததும், சொல்ல நினைத்து வந்ததெல்லாம் பஞ்சுவுக்கு மறந்துபோயிற்று. கடைசியில், "மன்னிச்சுக்கங்க டீச்சர்" என்பது மட்டும் வந்தது.

"அதெல்லாம் ஆறிடும். நாளைக்கு யாரு வர்றது?"

"ஆம்புலன்ஸ் ஓட்டுற பொண்ணு வரும். திங்கள்கிழமையிலிருந்து நான் சலவைக்கூடம். கியர் வண்டியோட போயிடறேன்." சொல்லும்போதே பழைய வீம்பு எட்டிப் பார்த்தது. "எல்லாம் அந்த வண்டியால வந்த வினை. நீங்களே சொல்லுங்க, கியர் வண்டியில ஆறு வருஷத்துல ஒரு நாளாவது உங்களை அசங்க விட்டிருக்கேனா?"

உடனே "இல்லை தம்பி" என்று வந்திருக்க வேண்டும். வரவில்லை. டீச்சர் ஜன்னல் பக்கம் பார்த்தார்.

"ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"சொல்லுங்க."

"நாப்பத்தி ஒண்ணு."

"என்னது?"

"ஆஸ்பத்திரியிலிருந்து இங்க வந்து சேர்றதுக்குள்ள நாப்பத்தி ஒரு தடவை கியர் மாத்துவீங்க. சிக்னல் பச்சையா கிடைச்சா முப்பத்தாறு. நாலு மணி நேரம் ரத்தத்தைச் சுத்தம் பண்ணிட்டு வெளிய வர்றப்ப பிரஷர் இறங்கிக் கிடக்கும், குடலைப் புரட்டும். அந்த நேரத்துல ஒவ்வொரு கியருக்கும் வண்டி ஒரு சின்ன இழுப்பு இழுக்கும் பாருங்க... நல்லா இருக்கிற உடம்புக்கு அது தெரியவே தெரியாது. எங்களுக்குத் தெரியும். எண்ணிக்கிட்டே வந்தா வாந்தி வராது. அதனால எண்ணுவேன்."

பஞ்சு கியர் மாற்றும் தன் இடது கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார்.

"பின் சீட்டுத் தையல்காரர் கண்ணை மூடிக்கிட்டு வருவாரே, தூங்கிட்டா வர்றாரு? பல்லைக் கடிச்சுக்கிட்டு வர்றாரு."

"ஏன் டீச்சர் ஒரு வார்த்தை சொல்லலை?"

"நீங்க அவ்வளவு ஆசையா ஓட்டினீங்க. அதைக் கெடுக்க யாருக்கு மனசு வரும்? மொதல் நாள் நோயாளிங்களை ஏத்தின பயத்துல நீங்க தயங்கித் தயங்கி ஓட்டினீங்க. தைரியம் வரட்டுமேன்னுதான் பஞ்சு, அது இதுன்னு சொன்னேன். உங்க மேல தப்பில்ல, கியர் வண்டின்னா அப்படித்தான் இருக்கும்." டீச்சர் கன்றிய கையை மடியில் மெல்ல எடுத்து வைத்துக்கொண்டார். "நேத்து, நீங்க அந்த பிரேக்கைப் போடுற வரைக்கும், எனக்கு எண்ண ஒண்ணுமே இல்ல தம்பி."

பஞ்சு எப்படி விடைபெற்றார் என்பது அவருக்கே நினைவில்லை. வீட்டுக்குத் தன் சொந்தக் காரில்தான் போனார், அதுவும் கியர் வண்டி. கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆறு வருஷம்! ஆறு வருஷமாக வண்டிக்குள் ஓட்டுநருக்குத் தெரியாமல் ஒரு சதி நடந்திருக்கிறது. மூன்றாவது தெருவில் கியரை மாற்றும்போது, தன் முகத்தில் அந்தச் சின்னச் சிரிப்பு வந்திருப்பது கண்ணாடியில் தெரிந்தது. கோபம் பாதியாகி, மீதி இடத்தில் வெட்கம் வந்து உட்கார்ந்தது. சிரித்ததெல்லாம் அவர் ஒருத்தர்தான். பின்னால் உட்கார்ந்திருந்தவர்கள் எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

இருந்தாலும் பஞ்சு பஞ்சுதான். நேரில் பார்க்காமல் நம்பிவிடுவாரா? சனிக்கிழமை காலையில் வெறும் வயிற்றோடு வந்து, ஆம்புலன்ஸ் ஓட்டும் பெண்ணைப் பிடித்தார். குரல் கணீரென்று இருப்பதால் எல்லோருக்கும் அவள் சைரன்.

"பழைய வேனை எடு. டீச்சர் வீடு வரைக்கும் ஓட்டு. நான் பின்னால உக்காந்துக்கறேன்."

"உங்களுக்கு என்ன ஆச்சுண்ணே, உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"வாயை மூடிக்கிட்டு ஓட்டும்மா."

டீச்சரின் இருக்கையில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். அந்த வேனில் அவர் பின்னால் உட்கார்வது அதுதான் முதல் தடவை. சைரன் நன்றாக ஓட்டுகிறவள், தன்னைவிட ஒரு மாற்றுக் குறைவில்லை என்று அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். பத்தாவது கியர் மாற்றம் வரை ஒன்றும் தெரியவில்லை. இருபதில் வெறும் வயிறு லேசாக அசைந்தது. முப்பதைத் தாண்டும்போது கை தானாக மேலே போய்க் கைப்பிடியைத் தேடியது.

"நான் மோசமாவா ஓட்டினேன்?" வண்டியை நிறுத்திவிட்டு சைரன் கேட்டாள். "உங்க மூஞ்சியே சரியில்லையே."

"நீ நல்லாத்தாம்மா ஓட்டின. அதான் பிரச்சினையே."

ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் புது வேனோடு மைதானத்தில் கிடந்தார். இடது கால் செருப்பைக் கழற்றிவிட்டு, பாதத்தை சீட்டோடு ஒட்டி மடக்கிக்கொண்டார். வேகம் குறையும் ஒவ்வொரு முறையும் அந்தக் கால் துடிக்கும். அவர் "சும்மா இரு" என்பார். சைரன் தன் விடுமுறையைக் கெடுத்துக்கொண்டு வந்து, திடீர் திடீரென்று குறுக்கே அட்டைப்பெட்டிகளைத் தள்ளிவிட்டு அவரைச் சோதித்தாள். மதியத்துக்குள் மூன்று பெட்டி நசுங்கின. மாலையில் ஒன்றும் நசுங்கவில்லை, ஒரு தடவைகூட இடது கால் முன்னால் போகவில்லை. அதற்காகப் பஞ்சு ஆட்டோமேட்டிக் கட்சியில் சேர்ந்துவிட்டார் என்று நினைக்க வேண்டாம். சொந்தக் காரை மாற்றுவீர்களா என்று கேட்டால் இன்றைக்கும் டீயைக் கீழே வைத்துவிடுவார். தனக்கு ஓட்டுவது வேறு, அவர்களுக்கு ஓட்டுவது வேறு என்பது மட்டும்தான் அவருக்குப் புரிந்தது. அதுவே அந்த வயதில் லேசான காரியமில்லை.

திங்கள்கிழமை காலை பலகையிலிருந்து புது வேனின் சாவியை எடுத்தார். மேலாளர் பார்த்துவிட்டுத் தலையசைத்தார். சைரனும் தன் சாவியோடு தயாராக நின்றாள். டீச்சர் மாட்டேன் என்றால் அவள் போக வேண்டும் என்பது ஏற்பாடு.

டீச்சர் வாசலில் நின்று, ஓட்டுநர் இருக்கையில் யார் என்று குனிந்து பார்த்தார். டீச்சரின் பார்வை அவர் முகத்திலிருந்து கீழே இறங்கி, செருப்பில்லாமல் மடங்கியிருந்த இடது காலில் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு கதவைத் திறந்து ஏறினார். கன்றிய கையைத் தலையணை வைத்து மடியில் அணைத்துக்கொண்டார்.

தையல்காரரும் மற்றவரும் ஏறிய பிறகு பஞ்சு திரும்பி உட்கார்ந்து பேசினார். "இனிமே வண்டியில எது சரியில்லைன்னாலும் அப்பவே சொல்லிடுங்க. எனக்கு மனசு கஷ்டப்படும்னு பாக்காதீங்க. கஷ்டப்பட்டா பட்டுட்டுப் போகுது."

போகும்போது ஒரு குறையும் வரவில்லை. நாலு மணி நேரம் கழித்துத் திரும்பும்போதுதான், இரண்டாவது வேகத்தடையைத் தாண்டியதும், டீச்சரின் குரல் வந்தது.

"தம்பி, இப்பத் தூக்கிப் போட்டுச்சு."

"சரிங்க டீச்சர்." அடுத்த வேகத்தடைக்கு ரொம்ப முன்னாலேயே வேகத்தைக் குறைத்தார்.

"ஏசி நேரா என் மூஞ்சில அடிக்குது" என்றார் மற்றவர். "பழைய வேன்லயும் அப்படித்தான்."

பஞ்சு திருப்பி வைத்தார். பின் சீட்டில் தையல்காரர் கண்ணைத் திறந்து தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"அந்தப் பாட்டை நிறுத்துங்களேன் சார். தலையே வெடிக்குது."

நோயாளிகளுக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று பஞ்சு தேடித் தேடிப் பதிந்து வைத்திருந்த பாட்டுகள் அவை. சுருக்கென்று குத்தியது. குத்தவில்லை என்று சொன்னால் பொய். கையை நீட்டிப் பாட்டை நிறுத்தினார். சிக்னலில் வண்டி அசங்காமல் நின்றது. கண்ணாடியில் மூன்று முகங்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"வேற?" என்று கேட்டார்.