மாமன் பட்டமும் மும்பை விமானமும்

விமானக் கம்பெனிக்காரர்கள் மேல் எனக்கு ஒரு துளி மரியாதை கிடையாது. டவுன் பஸ் பழுதாகி நின்றால் கண்டக்டர் இறங்கிவந்து, வண்டி போகாதுங்க, பின்னால் வருவதில் ஏறிக்கொள்ளுங்கள் என்று முகத்துக்கு நேராகச் சொல்வார். நாலு பேர் திட்டினால் வாங்கிக்கொள்வார். இவர்களுக்கு அந்த யோக்கியதைகூடக் கிடையாது. கழுத்தில் ஸ்கார்ஃப் கட்டிய ஒரு சின்னப் பெண்ணை முன்னால் நிறுத்திவிட்டு, முடிவெடுத்தவன் எல்லாம் ஏசி அறையில் ஒளிந்துகொள்வான்.

போன தை மாதம் என் நாத்தனார் மகளுக்கு அன்னூரில் கல்யாணம். எங்கள் பக்கத்தில் கல்யாணப் பெண்ணின் நெற்றியில் பட்டம் கட்டுவது தாய்மாமன். வேறு யார் எவ்வளவு செய்தாலும் அந்த இடம் மாமனுக்குத்தான். அந்தப் பெண்ணுக்குச் சொந்தத் தாய்மாமன் என்று இருப்பது என் வீட்டுக்காரர் ஒருவர்தான்.

ஆனால் அண்ணனுக்கும் தங்கைக்கும் பேச்சுவார்த்தை இல்லை. மாமனார் காரியம் முடிந்த கையோடு தென்னந்தோப்புப் பங்கில் தொடங்கிய மனஸ்தாபம் அது. கல்யாணத்தை முன்னிட்டு அவளே இறங்கி வந்தாள். சரவணம்பட்டியில் எங்கள் வீட்டுக்கு வந்து வெற்றிலை பாக்குத் தட்டை நீட்டி, "அண்ணா, நீங்க வந்து நின்னாத்தானுங்க எம்புள்ளைக்குக் கல்யாணம்" என்றாள். இவர் கண் கலங்கிவிட்டார். நானும்தான். பட்டத்தைக் கட்டிவிட்டால் தோப்புச் சண்டை அன்றோடு தீர்ந்தது. கட்டாமல் விட்டால் அந்த வீட்டு வாசலை அப்புறம் மிதிக்க முடியாது. இது எங்கள் இரண்டு பேருக்கும் நன்றாகவே தெரியும்.

இவர் கணபதியில் பம்பு உதிரிபாகப் பட்டறை வைத்திருக்கிறார். அந்த வாரம் பார்த்து மும்பையில் ஒரு கண்காட்சி. போகாமல் இருக்க முடியாது என்றார், நானும் கூடப் போனேன். திரும்பும் டிக்கெட்டை அவரே போட்டிருந்தார். கல்யாணத்துக்கு முதல் நாள் சாயங்காலம் சீர்ச் சடங்குகள் தொடங்கும். மத்தியானம் ஏறினால் பொழுது சாய்வதற்குள் அன்னூர் போய்விடலாம் என்பது கணக்கு.

மும்பையில் கேட் முன்னால் உட்கார்ந்திருந்தபோது விமானம் ரத்து என்று போட்டார்கள். ஏன் என்று கேட்டதற்கு முதலில் தொழில்நுட்பக் கோளாறு என்றார்கள். கொஞ்ச நேரத்தில் அது நிர்வாகக் காரணம் ஆனது. கடைசியில் ஒரு நல்ல பொய்யாகத் தேர்ந்தெடுத்து, கோயமுத்தூரில் வானிலை சரியில்லை என்றார்கள். நான் உடனே பக்கத்து வீட்டம்மாவுக்குப் போன் போட்டேன். மொட்டை மாடியில் மிளகாய் காயப்போட்டுக்கொண்டிருப்பதாகச் சொன்னார். வெயில் பளிச்சென்று அடிக்க, சிவப்பு மிளகாய் பரப்பிய மாடியைப் படம் எடுத்தும் அனுப்பினார். அதை ஸ்கார்ஃப் பெண்ணிடம் காட்டினேன். "சிஸ்டத்துல வெதர்னுதான் மேடம் இருக்கு" என்றாள். கோயமுத்தூரின் வெயிலைவிட அவளுடைய சிஸ்டம் பெரியது. அடுத்த கேட்டில் வேறொரு கம்பெனியின் விமானம் அதே கோயமுத்தூருக்கு ஒரு இடம்கூட மிச்சமில்லாமல் கிளம்பிப் போனது. அவர்கள் ஆகாயம் தனி போலிருக்கிறது.

கூட இருந்தவர்கள் இன்னும் மோசம். பல்லடத்துக் கோழிப்பண்ணைக்காரர் ஒருவர் தனக்கு எந்த எம்.எல்.ஏ.வைத் தெரியும் என்று சத்தம் போட்டார். வெந்நீர் ஊற்றினால் உப்புமா ஆகும் என்று ஒரு டப்பா கொடுத்தார்கள். அதை வாங்கியதும் எம்.எல்.ஏ. மறந்துபோனார். அதற்குப் பெயர் உப்புமா என்றால் எங்கள் பட்டறையில் வரும் இரும்புத்தூளுக்கும் அதே பெயரை வைக்கலாம். ஆளாளுக்கு டப்பாவைப் படம் பிடித்துப் போனில் போட்டார்களே தவிர, விதி என்ன, நஷ்டஈடு உண்டா என்று கேட்க ஒரு நாக்குகூட எழவில்லை.

என் வீட்டுக்காரர் விஷயம் தனி. கவுண்டர் பெண்ணிடம் போய், "பரவால்ல அம்மணி, நீ என்ன பண்ணுவ" என்று ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தார். மறுநாள் விமானத்தில் இடம் தருகிறோம் என்றதும் தலையாட்டிவிட்டார். பெங்களூருக்குப் பறந்து அங்கிருந்து கார் பிடித்தால் விடிவதற்குள், பட்டம் கட்டும் நேரத்துக்காவது, அன்னூர் போய்விடலாம் என்று நான் சொன்னேன். பெங்களூர் டிக்கெட் இருக்கிறதென்று போனிலேயே காட்டினேன். "ராத்திரில அவ்வளவு தூரம் காரு வேண்டாங் கண்ணு, இவங்களே அனுப்பறேன்னு சொல்றாங்கல்ல" என்றார். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். நான் கட்டிக்கொண்ட பிள்ளைக்கு வாய் சாப்பிடுவதற்கு மட்டும்தான் என்று மனசுக்குள் திட்டினேன்.

நாங்கள் மண்டபத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது கடைசிப் பந்தி நடந்துகொண்டிருந்தது. இவருடைய பெரியப்பா மகன் மாமனாக நின்று பட்டம் கட்டியிருந்தார். நாத்தனார், "வாங்க, சாப்பிடுங்க" என்றாள். சொல்லிவிட்டு வேறு விருந்தாளிகள் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோப்புக் கோபத்தில் வேண்டுமென்றே வராமல் இருந்துவிட்டு விமானத்தின் மேல் பழி போடுகிறார் என்று சொந்தக்காரர்கள் எங்கள் காதில் விழும்படியே பேசினார்கள். அதற்கப்புறம் இவர் போன் செய்தால் அவள் எடுப்பதில்லை.

நான் சும்மா விடுவதாக இல்லை. விதியைத் தேடிப் படித்தேன். வானிலையால் ரத்தானால் கம்பெனி நஷ்டஈடு தர வேண்டியதில்லை. அவர்கள் கோளாறு என்றால் தர வேண்டும். அதனால்தான் வானத்தின் மேல் பழி போட்டிருக்கிறார்கள். வானம் வக்கீல் வைக்காது பாருங்கள். எனக்குப் பணம் வேண்டாம் என்று இல்லை, நான் ஒன்றும் சாமியார் கிடையாது. ஆனால் அதைவிட, தப்பு எங்களுடையது என்று அந்தக் கம்பெனி தன் வாயால் சொல்ல வேண்டும். அதைக் கொண்டுபோய் நாத்தனார் கையில் கொடுக்க வேண்டும்.

புகார் எழுதினேன். பெண் பெயர் வைத்த ஒரு இயந்திரம், உங்கள் வருத்தம் எங்களுக்குப் புரிகிறது என்று பதில் போட்டது. அதற்கு என்ன புரிந்தது என்று கேட்டேன். தங்கள் ஊர் சுற்றுலாத் தலங்களைப் பார்க்க விருப்பமா என்று கேட்டது. அப்புறம் மனிதர்கள் எழுதினார்கள். அவர்களுக்கு இயந்திரமே தேவலை. ஒவ்வொரு கடிதத்திலும் நான் அவர்களுக்கு மிகவும் முக்கியமானவள் என்று இருக்கும், அதோடு சரி. கல்லில் நார் உரித்தாலும் கொஞ்சம் வந்திருக்கும்.

கடைசியில் நுகர்வோர் கோர்ட்டில் போட்டேன். வக்கீல் வைக்காமல் நானே பேசினேன். அந்த நாள் கோயமுத்தூரில் இறங்கிய மற்ற விமானங்களின் விவரத்தையும் மிளகாய்ப் படத்தையும் சேர்த்துக் கொடுத்தேன். சமரசப் பேச்சுக்குக் கம்பெனி ஒரு வக்கீல் பையனை அனுப்பியது. அடுத்த ஆறு மாதத்துக்குள் பறந்தால் செல்லும் என்று ஒரு இலவசக் கூப்பனை நீட்டினான். செருப்பால் அடித்தவன் அதே செருப்பைப் பரிசாகக் கொடுக்கிற மாதிரி இருந்தது. அதை அவனிடமே தள்ளினேன். காரணத்தை எழுதித் தராமல் நான் எழுந்திருக்க மாட்டேன் என்றேன். நாலைந்து வாய்தா இழுத்தடித்தார்கள். பிறகு நஷ்டஈட்டோடு ஒரு கடிதமும் வந்தது. வானிலை காரணமில்லை, அந்த விமானத்தை வேறு ஊருக்கு அனுப்பியதால் பயணம் ரத்தானது, வருந்துகிறோம். அவ்வளவுதான். இந்த மூன்று வரி உண்மையைச் சொல்ல அத்தனை பெரிய கம்பெனிக்கு அத்தனை மாதம் ஆயிற்று.

எனக்குக் கால் தரையில் பாவவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமையே இவரைக் காரில் ஏற்றிக்கொண்டு அன்னூர் போனேன். இவர் வழியெல்லாம் பேசாமல் வந்தார். சந்தோஷத்தில் பேச்சு வரவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

நாத்தனார் உட்காரச் சொல்லி மோர் கொடுத்தாள். நான் கடிதத்தை எடுத்து நீட்டி, ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னேன். அவள் கடைசிவரை கேட்டாள். கடிதத்தை மடித்து என் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டு அண்ணனைப் பார்த்தாள்.

"ஏனுங்கண்ணா, ப்ளேன் வராதது அவங்க தப்புத்தானுங்க. சீரு அன்னிக்கு மத்தியானம் கெளம்பற மாதிரி டிக்கெட் போட்டதும் அவங்களுங்களா?"

கோபமாகக்கூடக் கேட்கவில்லை. அவள் பதிலுக்குக் காத்திருக்கவும் இல்லை. சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று சொல்லிவிட்டு இலை போட எழுந்து போனாள். நாங்கள் சாப்பிட்டோம். கேட்காமலேயே இரண்டாம் முறை ரசம் ஊற்றினாள். அந்த மரியாதையை என்னால் தாங்க முடியவில்லை.

திரும்பும் வழியில் கோவில்பாளையம் தாண்டினோம். அப்புறம் இவராகவே சொன்னார்.

"அவ சொன்னது செரிதான். நாலு நாள் முன்னாடியே போயிருந்தா, தோப்புப் பேச்சு வந்திருக்கும். எல்லார்த்து முன்னாடியும் எம்பங்கு எங்கேன்னு அவ கேட்டிருந்தா எங்கிட்டப் பதில் இல்ல. ரத்துன்னு போட்டாங்க பாரு, எனக்கு அப்பாடான்னு இருந்துச்சு."

வண்டியை ஓரம் கட்டினேன். கம்பெனியை, வக்கீலை, இயந்திரத்தை, சொந்தக்காரர்களை எல்லாம் கேவலமாகப் பேசி வந்தவள் நான். அத்தனை கேவலத்தையும் சேர்த்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் மேல் கொட்டலாம் போல இருந்தது.

"அப்ப எதுக்குங்க என்னைய இத்தனை மாசம் அலையவுட்டீங்க? மொதல்லயே வேண்டாம்னு சொல்லியிருக்கலாமல்ல?"

அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"நீ ஜெயிச்சு வாங்கிட்டயின்னா, அவங்களாலதான் வர முடியலீன்னு நானும் நம்பிக்கலாம்னு நெனச்சேன்."