நடுவில் விழுந்த பந்து

செய்தியைச் சொன்னவள் அமுதா. தேவிகாபுரத்திலிருந்து போன். "ரேணுகா மேடம் போயிட்டாங்கடி. நேத்தே எடுத்துட்டாங்களாம்." இருவரும் போனை வைக்கவில்லை.

அவரிடம் வாலிபால் ஆடியவர்களுக்கு அந்த இடம் உடனே நினைவுக்கு வரும். ஆரணியில் எங்கள் கல்லூரியின் பின்புறம், சைக்கிள் கொட்டகையை ஒட்டிய மண் தரை. ஆண்கள் கல்லூரி கழித்துப்போட்ட வலை. புது வலை கேட்கும்போதெல்லாம் மகளிர் அணிக்கு நிதி இல்லை என்ற பதில். தொண்ணூறுகளின் கடைசி. உடற்கல்வி இயக்குநர் பணியிடம் காலி. அந்த வேலையைத் தற்காலிகமாகப் பார்த்தவர் மேடம்.

அமுதா எங்கள் செட்டர். அடிப்பவளுக்குப் பந்தைத் தூக்கிக் கொடுப்பவள். பட்டு நெய்கிற வீடு. சில நாள் விடிந்ததும் தறிக்கான பாவு நூலைத் தெரு நீளத்துக்குப் பிடித்து நீட்டுவார்கள். அன்று ஒரு கை குறையக்கூடாது. பயிற்சியும் அதே நேரத்தில். ஒருநாள் மேடமே அங்கே போய், டிராக் சூட்டோடு பாவின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"இன்னா மேடம், காலேஜுல வேலை இல்லீங்களா?" என்றார் அமுதாவின் அப்பா.

"இதான் வேலை. முடிஞ்சதும் பொண்ண அனுப்புவீங்க இல்ல?"

மைதானத்தில் அவர் ஓயாமல் கத்தியது ஒன்றுதான். "பந்து வந்தா 'என்னுது'ன்னு சொல்லு. ரெண்டு பேரும் பாத்துகினு நின்னா நடுவுல விழும்."

கடைசி வருடம் வேலூரில் போட்டி. போன நாட்களை வருகையாகக் கணக்கிடச் சொல்லி மேடம் கையெழுத்திட்டார். தற்காலிகப் பணியாளரின் கையெழுத்து செல்லாது என்றது அலுவலகம். நாங்கள் தப்பித்தோம். பாவு நாட்களில் ஏற்கெனவே வராதிருந்த அமுதாவுக்கு வருகை போதவில்லை. தேர்வு எழுத முடியாது.

முதல்வர் அறைக்கு வெளியே நானும் அவளும் நின்றோம். உள்ளே துறைத்தலைவர் அலுவலகத்தைக் காட்டினார். அலுவலகம் விதியைக் காட்டியது. இது யாருடைய தவறு என்று முதல்வர் கேட்டார்.

"என்னுதுங்க." மேடத்தின் குரல். அவ்வளவு மெதுவாக அது ஒலித்து நாங்கள் கேட்டதில்லை.

ஆட்டத்தில் ஒருத்தி அப்படிச் சொன்னால் மற்றவர்கள் விலகிக்கொள்வார்கள். அன்றும் எல்லோரும் விலகிக்கொண்டார்கள். அமுதாவுக்கு ஹால் டிக்கெட் வரவில்லை. தறியில் உட்கார்ந்தாள், பிறகு கல்யாணம். ஜூனில் கல்லூரி மேடத்தைத் திரும்ப அழைக்கவில்லை. தெள்ளாரில் ஒரு நர்சரி பள்ளியில் டிரில் டீச்சராக இருந்தார் என்று கேள்வி. அங்கேயும் தற்காலிகம்தான்.

போனில் அமுதாதான் மறுபடி பேசினாள். மேடத்தின் அம்மாவுக்குக் கண் தெரியாதாம். வீட்டில் வேறு யாரும் இல்லையாம். "இனிமே அவங்கள யாருடி பாத்துக்குவாங்க?"

மேடம் கொடுத்ததில் என்னிடம் மிஞ்சியிருப்பது 'என்னுது' என்ற அந்த ஒரு சொல். நாக்கு வரை வந்தது; அங்கேயே நின்றது.

இரண்டு பக்கமும் போன் இணைப்பிலேயே இருந்தது.