நொடிக்கு ஐந்து எம்பி

அம்பத்தூர் எஸ்டேட்டில், பழைய நில ஆவணங்களை ஸ்கேன் செய்து கணினியில் ஏற்றும் கம்பெனி ஒன்றில் சர்வர்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. பதிவுப் பிரிவில் பதினொரு பேர். அவர்கள் மேசையில் திரையும் கீபோர்டும் மட்டும்தான். கணினிகளெல்லாம் மெய்நிகர் கணினிகளாக ஒரே சர்வருக்குள் ஓடின. மேனேஜரின் ரிப்போர்ட் கணினியும் அதற்குள்தான். எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே டிஸ்க்.

மேனேஜரின் ரிப்போர்ட் ஓடும்போதெல்லாம் டிஸ்க் திணறும். அவர் கணினியின் டிஸ்க் வேகத்துக்கு ஒரு வரம்பு வைக்கலாம் என்று அவரிடம் சொன்னேன்.

"என்னோடதைத் தொடாதீங்க. அவங்களோடதைக் குறைங்க."

நான் எதிர்த்துப் பேசவில்லை. அந்தப் பதினொரு கணினிகளும் நொடிக்கு ஐந்து எம்பிக்கு, அதாவது ஐந்து மெகாபைட்டுக்கு மேல் டிஸ்கில் படிக்கவோ எழுதவோ முடியாதபடி வைத்தேன். ஐந்து நிமிட வேலை. கேட்டிருந்த புது டிஸ்க் வரும்வரைதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். டிஸ்க் வரவில்லை. நானும் திரும்பக் கேட்கவில்லை.

சின்ன ஃபைல்களில் வேலை செய்தவர்களுக்கு அது அவ்வளவாக உறைக்கவில்லை. வேப்பம்பட்டிலிருந்து வரும் ஒரு பெண்ணிடம் நில அளவை வரைபடங்களைக் கொடுத்திருந்தார்கள். ஒவ்வொன்றும் பெரிய ஃபைல். நான் திருநின்றவூர் என்பதால் இருவருக்கும் ஒரே ரயில். ஒரு சாயங்காலம் பிளாட்பாரத்தில் என்னிடம் வந்தார்.

"அண்ணா, ஒரு மேப்பு சேவ் பண்ணா சுத்திகினே கீது. என் சிஸ்டத்துல இன்னா கோளாறு?"

"நெட்வொர்க்தாம்மா. சரியாயிடும்."

பொய்யென்று தெரிந்தேதான் சொன்னேன்.

அடுத்த மாதம் யார் எத்தனை தாள் முடித்தார்கள் என்று பட்டியல் எடுத்தார்கள். கடைசியில் அவர் பெயர். மேனேஜர் எல்லார் எதிரிலும் நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார்.

"நான் சும்மாவா குந்தினு இருந்தேன் சார்? ஃபைலே தொறக்க மாட்டேங்குது. அண்ணாகிட்டயே கேளுங்க."

மேனேஜர் என் பக்கம் திரும்பினார். "சிஸ்டத்துல ஏதாவது பிரச்சினையா?"

அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். வரம்பு வைத்தது என் பெயரில்தான் பதிவாகியிருந்தது. "இல்ல சார்" என்றேன்.

அந்தப் பெண் டிபன் பையை எடுத்துக்கொண்டு போன பிறகு, சீட்டுக்கு வந்து பதினொரு கணினிகளின் வரம்பையும் நீக்கினேன். மறுவாரமே பிரிவின் வேகம் ஏறியது. மந்தமான ஆளை நீக்கியதன் பலன் என்று மேனேஜர் மேலிடத்துக்கு மெயில் அனுப்பினார். சிஸ்டம் பிரிவுக்கு நன்றி என்று கீழே ஒரு வரி. படித்தேன். ஆனால் பதில் போடவில்லை.

சில மாதங்கள் கழித்து ஆவடி ஸ்டேஷனில் அந்தப் பெண்ணைப் பார்த்தேன். துணிக்கடையில் நிற்கும் வேலை; கால் வீங்கிவிடுகிறது என்றார். நடந்ததையெல்லாம் சொன்னேன். முழுவதையும் கேட்டார்.

"இத்த அன்னிக்கு அங்க சொல்லிருக்கணும். இப்ப எங்கிட்ட சொன்னா உங்க மனசு ஆறும். எனக்கு இன்னா?"

அண்ணா என்று சொல்லவில்லை. ரயில் வந்ததும் பெண்கள் பெட்டியில் ஏறிக்கொண்டார். நான் இன்னும் அதே கம்பெனியில்தான் இருக்கிறேன், அதே மேனேஜரிடம்தான்.