கை நனைக்காமல் உட்கார்ந்த விருந்து

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், என் மகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்த சமயத்தில் நடந்தது இது. எங்களுக்கு ஆவடியை ஒட்டிய கோவில்பதாகை. அப்போது எங்களுக்குக் கொஞ்சம் நிலம் இருந்தது. வீட்டுக்காரருக்குக் கம்பெனி வேலையும் இருந்தது. நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். ஆனால் மகளைப் பட்டம் வாங்க வைத்தேன். அம்பத்தூரில் ஒரு கம்பெனியில் டைப்பிஸ்டாக இருந்தாள். அதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சமே கிடையாது.

மாங்காட்டிலிருந்து ஒரு வரன் வந்தது. பையன் பட்டணத்தில் பெரிய ஓட்டலில் ஆபீசர் என்று தரகர் சொல்லியிருந்தார். பெண் பார்க்க வந்தவன் பஜ்ஜித் தட்டைக் கீழே வைத்துவிட்டு, "ஆபீசர்லாம் இல்லீங்க. நான் அங்க சமைக்கிறேன், பிரெஞ்சு சாப்பாடு. அத்த சொல்லாம வுட்டா தப்பாயிடும்" என்றான். தரகர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே!

எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. படிக்க வைத்த பெண்ணை அடுப்படியில் நிற்கிறவனுக்குக் கொடுப்பதா? ஆனால் மகள் உள்ளே வந்து, "அவரு பொய் சொல்லலியேம்மா" என்று மட்டும் சொன்னாள். அவளுக்குப் பிடித்திருக்கிறது என்று புரிந்தது. நான் பிடி கொடுக்கவில்லை.

கொஞ்ச நாள் கழித்து அவன் ஆள் மூலம் சொல்லி அனுப்பினான். அந்த ஓட்டலில் வேலை செய்கிறவர்கள் வருடத்துக்கு ஒருமுறை தங்கள் மனிதர்களை அழைத்துச் சாப்பிட வைக்கலாமாம். வந்து ஒருதரம் பார்க்கட்டும், அப்புறம் வேண்டாம் என்றாலும் சரி என்றானாம்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. சம்பந்தம் பேசி முடிகிறவரை அந்த வீட்டில் கை நனைக்க மாட்டோம். காப்பி குடிக்கலாம், பலகாரம் தின்னலாம். பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டால் சம்மதம் சொன்னதாகவே ஆகிவிடும். அவன் கையால் சமைத்ததை எந்த ஓட்டலில் வைத்துப் போட்டால் என்ன, அது அவன் வீட்டுச் சாப்பாடுதானே? அதனால் கிளம்பும்போதே சொல்லிவிட்டேன், பார்க்கத்தான் போகிறோம், சாப்பிட இல்லை என்று. இங்கிலீஷ் தெரிந்த ஆள் வேண்டுமே என்றுதான் மகளையும் கூட்டிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். மின்சார ரயிலில் சென்ட்ரல் வந்து, அங்கிருந்து ஆட்டோ. ஓட்டல் வாசலில் தலைப்பாகையும் முறுக்கு மீசையுமாக நின்ற ஒருவர் எங்களுக்கு சலாம் போட்டார். நானும் நிமிர்ந்து ஒரு சலாம் வைத்துவிட்டுத்தான் உள்ளே போனேன்.

உள்ளே அத்தனை பேர் சாப்பிடுகிறார்கள், ஒரு பாத்திரச் சத்தம் இல்லை. கல்யாணப் பந்தியின் இரைச்சலே பழகிய எனக்கு அது அதிசயமாக இருந்தது. மேசையில் கஞ்சி போட்ட வெள்ளைத் துணி. ஆளுக்கு இத்தனை கத்தி, இத்தனை கரண்டி. எதை எதற்கு எடுப்பது என்ற கவலை எனக்கு இல்லை, நான்தான் தொடப் போவதில்லையே. வயதான வெயிட்டர் ஒருவர், நம் ஆள்தான், நாற்காலியை இழுத்து உட்கார வைத்தார். "கோழி, மீனு மட்டுந்தாம்மா. உங்க பழக்கம் தெரிஞ்சுதான் தம்பி செஞ்சிருக்கு" என்றார்.

முதலில் வெங்காய சூப் வந்தது. மேலே ரொட்டித் துண்டும் பாலாடைக்கட்டியும் பொன்னிறமாகப் பொங்கி நின்றன. வெங்காயத்தை அவசரமில்லாமல், சிறு தீயில் வெகுநேரம் வதக்கினால்தான் அந்த வாசனை வரும். நானும் சமைக்கிறவள், எனக்குத் தெரியாதா?

வீட்டுக்காரர் குனிந்து முகர்ந்து பார்த்தார். "இன்னாமே, இது சோறே இல்ல. தண்ணி மாரிதான கீது. தண்ணி குடிக்கலாம்ல?"

"கம்முனு இருய்யா."

"கரண்டிலதான குடிக்கப் போறேன். கையே நனையாதே!"

நான் முறைத்தேன். "பாப்பா, நீயாவது உங்கம்மாவாண்ட சொல்லேன்" என்று மகளிடம் திரும்பினார். அவள் மேசைத் துணியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெயிட்டர் இரண்டு மூன்று தரம் வந்து பார்த்தார். ஒன்றும் கேட்காமல் கிண்ணங்களை எடுத்துப் போனார். அவர் சமையலறைக் கதவைத் தள்ளியபோது உள்ளே அந்தப் பிள்ளை தெரிந்தான். வெள்ளைச் சட்டை, தலையில் உயரமான வெள்ளைத் தொப்பி. திரும்பி வந்த கிண்ணங்களைப் பார்த்தான், நனையாத கரண்டிகளைப் பார்த்தான். அவனும் எங்கள் பக்கத்துப் பிள்ளைதானே, புரியாமலா இருக்கும்? கோபப்படுவான் என்று நினைத்தேன். அவன் குனிந்து, அடுத்த தட்டின் ஓரத்தில் சிந்தியிருந்த குழம்பைத் துணியால் துடைத்து, பூப்போல அனுப்பி வைத்தான். வெண்ணெயில் வாட்டிய மீன். அதையும் நாங்கள் தொடவில்லை.

அப்புறம்தான் அவனுக்கு மேலே இருக்கிற தலைமைச் சமையற்காரர் வெளியே வந்தார். நெட்டையான வெள்ளைக்காரர். அந்தப் பிள்ளை பின்னாலேயே வந்தான். வெள்ளைக்காரர் என் தட்டு மீனில் துளி எடுத்து வாயில் போட்டுப் பார்த்தார். பிறகு அவனிடம் இங்கிலீஷில் ஏதோ கேட்டார். குரல் உயரவில்லை, ஆனாலும் கேள்வி கடுமைதான் என்று முகத்தில் தெரிந்தது. பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவன் தலைகுனிந்து மெதுவாகப் பதில் சொன்னான்.

"இன்னா சொல்றான்?" என்று மகளைக் கேட்டேன்.

அவள் கண் கலங்கியிருந்தது. "அவங்க மேல தப்பு இல்ல, இன்னிக்கு என் கையிலதான் ருசி வரல, வேற செஞ்சு குடுக்கறேன்னு சொல்றாரும்மா."

எனக்குப் பொறுக்கவில்லை. "தம்பி, ஏன் பொய் சொல்றே? நாங்க கை நனைக்காததுக்குக் காரணம் உனக்குத் தெரியும்ல? அத்த சொல்ல வேண்டியதுதான?"

அவன் குனிந்து, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னான். "முடிவாவாத விஷயம்மா. இங்க எல்லாருக்கும் நீங்க எங்க ஒறவுக்காரங்கன்னுதான் சொல்லி வச்சிருக்கேன். நாளைக்கு நீங்க வேணாம்னுட்டா, உங்க பொண்ணு பேருதான நாலு பேர் வாயில பூரும்?"

பெண்ணைப் பெற்றவள் நான். அவள் பெயரைக் காக்கத்தானே நான் அத்தனை பிடிவாதமாக உட்கார்ந்திருந்தேன். எனக்கு எதிரே நின்றுகொண்டு அதே காரியத்தை அவனும் செய்துகொண்டிருக்கிறான், அதுவும் தன் வேலைக்கே கெட்ட பெயர் வந்தாலும் வரட்டும் என்று. பொய் சொல்லவில்லை என்று அன்றைக்கு என் மகள் சொன்னாளே, அந்தப் பிள்ளை வாழ்க்கையில் சொன்ன ஒரே பொய் அதுவாகத்தான் இருக்கும்.

மகளைப் பார்த்தேன். அவளும் என்னைப் பார்த்தாள். வாய் திறந்து கேட்கத் தேவை இருக்கவில்லை.

"பாப்பா, அந்தப் பெரியவராண்ட உண்மைய சொல்லு. சாப்பாட்டுல ஒரு கொறையும் இல்ல. கல்யாண வார்த்த முடியறவரைக்கும் நாங்க கை நனைக்க மாட்டோம். இப்ப வார்த்த முடிஞ்சிடுச்சு."

அவள் வெட்கத்தோடு சொல்லி முடித்தாள். வெள்ளைக்காரர் சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் சிரிக்கவில்லை. தொப்பியைக் கழற்றி எனக்கு ஒரு வணக்கம் போட்டார். ஆறிப்போன மீன் தட்டைத் தன் கையாலேயே எடுத்துக்கொண்டார். எல்லாம் முதலிலிருந்து புதிதாக வரும், நேரமானாலும் பரவாயில்லை என்று சொல்லச் சொன்னார். பெரிய மனிதர்.

அந்தப் பிள்ளை மட்டும் நின்ற இடத்திலேயே நின்றான். நான்தான், "இன்னா மாப்ள, நின்னுகினே கீறீங்க? போயி அந்த சூப்ப கொண்டாரச் சொல்லுங்க" என்றேன்.

அப்படி ஒரு சாப்பாட்டை நான் அதற்கு முன்னும் சாப்பிட்டதில்லை, பின்னும் சாப்பிட்டதில்லை. ஒரு வாய் வெங்காயத்தில் இத்தனை இனிப்பு இருக்கும் என்று இத்தனை வருடம் சமைத்தும் எனக்குத் தெரியாமல் இருந்ததே! ஒவ்வொரு தட்டாக, நிதானமாக, நாங்கள் முடித்த பிறகே அடுத்தது வந்தது. வீட்டுக்காரர் ரொட்டிக் கூடையைக் காலி செய்துவிட்டு இன்னொரு கூடை கேட்டார்.

கல்யாணத்தில் என் நாத்தனார், "போயும் போயும் சமையக்காரனா கெடச்சான்?" என்று குத்தினாள். "ஆமா, சமையக்காரருதான். நீ சத்தமா சொல்லு, பின்னாடி இருக்கறவங்களுக்குக் கேக்கல" என்றேன்.

இப்போது சொந்தத்தில் வரன் பார்க்கிறவர்கள் சம்பளம், வீடு, ஜாதகம் எல்லாம் விசாரித்துவிட்டு வந்து என்னிடம் சொல்கிறார்கள். எல்லாம் சரிதான், ஆனால் தன் மேல் தப்பே இல்லாத இடத்தில், இன்னொருவர் மானத்துக்காக அந்தப் பையன் தலைகுனிந்து நிற்பானா என்று பார்த்தீர்களா என்றுதான் எனக்குக் கேட்கத் தோன்றுகிறது.