கம்ப்யூட்டர் ரூம் மல்லிகா டீச்சர்

செய்தி வந்தபோது நான் பதினோராம் வகுப்பில் தேய்மானக் கணக்கு நடத்திக்கொண்டிருந்தேன். வகுப்பில் போனை எடுப்பதில்லை. மல்லிகாவின் தம்பி சங்கர் விடாமல் அடித்ததால் வராந்தாவுக்கு வந்து எடுத்தேன். "அக்கா போயிட்டாங்க டீச்சர்" என்றான். காய்ச்சல் என்று வேலூரில் சேர்த்திருந்தார்கள். இரண்டொரு நாளில் வீட்டுக்கு வந்துவிடுவாள் என்றுதான் நானும் நம்பியிருந்தேன். உள்ளே போய்ப் பாதியில் நின்ற கணக்கைப் போட்டு முடித்தேன். என் முகத்தைப் பார்த்து என்ன ஆயிற்று என்று கேட்க அந்தப் பள்ளியில் யாரும் இல்லை. கேட்கக்கூடியவள் மல்லிகா ஒருத்திதான். அவளும் பள்ளியை விட்டுப் போய்ச் சில வருடங்கள் ஆகியிருந்தன.

நினைவஞ்சலியில் 'அவர்' என்று எழுதுவதுதான் முறை. எனக்கு வரவில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள். அவளிடம் படித்த நீங்கள் இன்று ஆரணிப் பட்டுக் கடைகளில் பில் போடுகிறீர்கள், களம்பூர் ரைஸ் மில்களில் கணக்குப் பார்க்கிறீர்கள், சிலர் சென்னைக்கும் போய்விட்டீர்கள். உங்களுக்குத் தெரிந்த மல்லிகா டீச்சரை நான் சொல்லத் தேவையில்லை. எனக்குத் தெரிந்தவளைச் சொல்கிறேன்.

நான் தென்காசிப் பக்கத்துக்காரி. வணிகவியல் ஆசிரியையாக ஆரணிக்கு வந்தவள், மாறுதல் கேட்டுக் கேட்டுச் சலித்து இங்கேயே தங்கிவிட்டேன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஆண் பிள்ளைகள் படிக்கும் பள்ளி, ஆசிரியர்களும் பெரும்பாலும் ஆண்கள். தொண்ணூறுகளின் கடைசியில் எங்கள் பள்ளிக்குக் கம்ப்யூட்டர்கள் வந்தன. அவற்றோடு மல்லிகாவும் வந்தாள். மெஷின்கள் நிரந்தரம், அவள் ஒப்பந்தம். ஆசிரியர் அறையில் நாற்காலிகள் எல்லாவற்றுக்கும் ஏற்கெனவே ஆள் இருந்ததால், அவள் கம்ப்யூட்டர் அறையிலேயே உட்கார்ந்துகொண்டாள். ஏ.சி. போட்ட அந்த அறைக்குள் போக எல்லோரும் செருப்பை வாசலில் விட வேண்டும். முதல் வாரத்தில் ஒரு மதியம் வந்து, "தனியாவா சாப்டுகினு இருக்கீங்க? அங்க வாங்கக்கா, ஜில்லுனு இருக்கும்" என்று என் டிபன் பாக்ஸைக் கையில் எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தாள். உள்ளே சாப்பிடக் கூடாது என்று அவளே எழுதி ஒட்டிய தாளுக்குக் கீழே உட்கார்ந்துதான் பல வருடங்கள் சாப்பிட்டோம்.

அந்த வருட ஆயுத பூஜைக்குப் பையன்கள் பக்தி முற்றி, மானிட்டர்களுக்கு மட்டும் அல்லாமல் ஃபிளாப்பிகளுக்கும் சந்தனம் குங்குமம் வைத்துவிட்டார்கள். அதில் ஒன்றை மெஷினுக்குள்ளும் போட்டுப் பார்த்திருந்தார்கள். நானாக இருந்தால் தோலை உரித்திருப்பேன். அவள் பஞ்சை வைத்து ஒவ்வொன்றாகத் துடைத்தாள். "சாமி கும்பிட்டதுக்கெல்லாம் திட்டக் கூடாதுக்கா. அப்புறம் மெஷினைத் தொடவே பயப்படுவானுங்க" என்றாள்.

பிறகு கணக்குப்பதிவியலில் கம்ப்யூட்டர் கணக்கும் ஒரு பாடமாக வந்தது. எனக்கு மவுஸைப் பிடிக்கத் தெரியாது, அவளுக்குப் பற்று எது, வரவு எது என்று தெரியாது. இருவரும் சேர்ந்து ஒரே வகுப்பை எடுத்தோம். நான் போர்டில் பதிவை எழுதுவேன், அவள் திரையில் அதைப் போட்டுக் காட்டுவாள். நான் வேகமாகப் போனால், "மெதுவாங்கக்கா, மெஷின் வந்துகினு இருக்குது" என்பாள். பிள்ளைகள் சிரிப்பார்கள். என் வகுப்பில் அதுவரை யாரும் சிரித்ததில்லை. வணிகவியல் குரூப் என்றாலே வேறெதுவும் கிடைக்காதவன் சேர்வது என்ற பேச்சு இருந்த காலம். கம்ப்யூட்டர் அறைக்குள் நுழைந்த பிறகுதான் அந்தப் பையன்கள் கொஞ்சம் தலை நிமிர்ந்து நடந்தார்கள்.

ஒருமுறை அவரவர் வீட்டுச் சொத்து, கடனை வைத்து ஓர் இருப்புநிலைக் குறிப்பு தயாரிக்கச் சொன்னோம். முள்ளிப்பட்டிலிருந்தும் சேவூரிலிருந்தும் வந்த நெசவாளர் வீட்டுப் பிள்ளைகள் எல்லோரும் ஒரே தப்பைச் செய்திருந்தார்கள். தறியில் இருந்த பட்டையும் ஜரிகையையும் சொத்துப் பக்கம் போட்டிருந்தார்கள். அது முதலாளி நெய்யக் கொடுத்தது, சேலையாகத் திரும்பிப் போக வேண்டியது, வீட்டுக்கு உரியது கூலி மட்டும்தான் என்று நான் விளக்கினேன். ஒரு பையன் ஒப்புக்கொள்ளவில்லை. "நான் பொறந்ததுல இருந்து எங்க வூட்டுல பட்டு இல்லாத நாளே இல்ல டீச்சர். அது எப்படி எங்களுது இல்லாம போவும்?" என்றான். நான் அந்த வரியை அடித்துத் திருத்தினேன். மல்லிகா மட்டும் ஏதோ யோசித்துக்கொண்டு நின்றாள். அன்று சாப்பிடும்போது, "அந்தப் பையனுக்கு நீங்க பதில் சொல்லவே இல்லக்கா" என்றாள். சட்டப்படி சொன்னேனே என்றேன். "சட்டப்படி சொன்னீங்க" என்று சொல்லி ஊறுகாயை என் பக்கம் தள்ளினாள்.

அவளைப் போன்றவர்கள் ஒரு தேர்வு எழுதித் தேறினால்தான் வேலை என்று பின்னர் ஓர் உத்தரவு வந்தது. நல்லது, இனி நிரந்தரம் என்று நான்தான் முதலில் சந்தோஷப்பட்டேன். அவள் வீட்டில் உடம்பு முடியாத அம்மாவையும் பார்த்துக்கொண்டு படித்தாள். தேறியவர்கள் பட்டியலில் அவள் பெயர் இல்லை. செய்முறைத் தேர்வுக்குச் சில நாட்களே இருந்த நேரத்தில் விடுவிப்பு ஆணை வந்தது. மறுநாளும் அவள் வழக்கம்போல வந்து அறையைத் திறந்தாள். "பிராக்டிகல் முடியிற வரைக்கும் வந்துட்டுப் போறேங்க சார், நடுவுல விட்டா பசங்க பேஜாராயிடுவாங்க" என்று தலைமை ஆசிரியரிடம் கேட்டாள். அவர் கெட்டவர் இல்லை. பயிற்சி கொடுக்கலாம், தேர்வன்று மட்டும் அறைக்குள் இருக்கக் கூடாது என்றார்.

தேர்வன்று அவள் வீட்டில் இருப்பாள் என்று நினைத்தேன். போய்ப் பார்த்தால், கம்ப்யூட்டர் அறை வாசலில், பையன்கள் விட்ட செருப்புகளுக்குப் பக்கத்தில் படியில் உட்கார்ந்திருந்தாள். வெளியே வருகிற ஒவ்வொருவனையும் நிறுத்தி, "செமிகோலன் வச்சியாடா?" என்று கேட்டாள். புரோகிராமில் அது ஒன்று விட்டுப்போனால் மெஷினில் ஓடாது; வேறெதுவும் அவள் கேட்கவில்லை. நடுவில் கரண்ட் போய் உள்ளே யூ.பி.எஸ். கூவத் தொடங்கியது. சட்டென்று எழுந்து கதவு வரைக்கும் போய்விட்டாள். வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் நிமிர்ந்து பார்த்ததும், திரும்பி வந்து அதே இடத்தில் உட்கார்ந்தாள். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். கடைசிப் பையன் செருப்பை மாட்டிக்கொண்டு போகும் வரை இருவரும் அங்கேயே இருந்தோம்.

அவள் போன பிறகு என் மதியச் சாப்பாடு காலி வகுப்பறைக்கு மாறியது. பேச ஆள் இல்லாமல் சாப்பிட்டால் டிபன் பாக்ஸ் சீக்கிரம் காலியாகிவிடும், மணி அடிக்கும் வரை என்ன செய்வதென்று தெரியாது. ஞாயிற்றுக்கிழமைகளில் டவுன் பஸ் ஏறிச் சேவூரில் அவள் வீட்டுக்குப் போவேன். வீட்டில் ஒரே ஒரு கம்ப்யூட்டரை வைத்துக் கடைப் பையன்களுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். பள்ளியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்க மாட்டாள். ஒரே ஒருமுறை அவளாகச் சொன்னாள்: "பஜாருக்குப் போறதுன்னாகூட சுத்திகினுதான் போறேன்க்கா. மணி சத்தம் கேட்டா காலு தானா அந்தப் பக்கம் திரும்புது."

செய்தி வந்த அன்று மாலை நான் போனபோது சேவூர் வீட்டு வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள். தெருவை அடைத்துக்கொண்டு பைக்குகள் நின்றன, எல்லாம் அவளிடம் படித்த முகங்கள். சங்கர் கையில் போனோடு வந்தான். அஞ்சலி போஸ்டர் அடிக்கிறவர் மறுமுனையில் காத்திருந்தார். "பேருக்குக் கீழ இன்னா போடறது டீச்சர்? ஆசிரியைன்னு போட்டா ஸ்கூல்ல யாராவது கேப்பாங்களா?" என்றான். மாலையோடு வந்திருந்த பழைய தலைமை ஆசிரியர், தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஒப்பந்தப் பயிற்றுநர்னு போடுப்பா, ரெக்கார்டுல அதுதான்" என்றார். ஒரு பதிவு சரியா தப்பா என்று பார்த்தே பிழைத்தவள் நான். ரெக்கார்டுப்படி அவர் சொன்னது சரி. பந்தலுக்குள் கிடத்தியிருந்த அவளைப் பார்த்தேன். "ஆசிரியைன்னு போடு சங்கர். முன்னால பின்னால ஒண்ணும் வேண்டாம். யாராவது கேட்டா என்கிட்ட வரச் சொல்லு" என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. மறுநாள் பஸ் ஸ்டாண்டு முழுவதும் அப்படித்தான் ஒட்டியிருந்தது. யாரும் என்னிடம் வரவில்லை.

அவளிடமிருந்து எனக்கு மிஞ்சியது என்ன என்று யோசிக்கிறேன். கம்ப்யூட்டரில் கணக்குப் போடத் தெரியும், அது அவள் கொடுத்தது. பிள்ளைகளைச் சிரிக்கவிட ஓரளவு தெரியும், அதுவும் அவள் கொடுத்ததுதான். இந்த ஊரில் எல்லோருக்கும் நான் டீச்சர். பூ விற்கிறவருக்கும் டீச்சர், வீட்டு ஓனருக்கும் டீச்சர். அக்கா என்று கூப்பிட்டவள் அவள் ஒருத்திதான். இப்போதும் பஜாரில் பின்னாலிருந்து யாராவது அக்கா என்று கூப்பிட்டால் நின்று திரும்பிப் பார்க்கிறேன். வேறு யாரையோ கூப்பிட்டிருப்பார்கள்.